தண்ணீர் வந்ததா? பனிக்காலத்துக்கு முன்னும் பின்னும் படகு எஞ்சினில் பிழை தேடும் வழி

கனடாவின் ஒன்டாரியோவில் அக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. சிம்கோ ஏரிப் பக்கம் படகு வைத்திருக்கும் பலர் அந்த நீண்ட வாரயிறுதியில்தான் படகை ஏரியிலிருந்து இழுத்து டிரெய்லரில் ஏற்றுகிறார்கள். மூன்று மாதம் கழித்து அதே ஏரி கெட்டியாக உறைந்திருக்கும். மேலே கூடாரம் அடித்து, பனியில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். மைனஸ் 20 டிகிரி இங்கே அதிசயமில்லை.

நம் ஊர்க் கடற்கரையில் படகு எஞ்சினுக்கு எதிரி உப்பு. இங்கே எதிரி, எஞ்சினுக்குள் தங்கிவிட்ட நல்ல தண்ணீர். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருமன் கூடும். வார்ப்பிரும்பு அதற்கு வளைந்து கொடுக்காது, விரிசல் விட்டுவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் தவறான மூலையில் நின்றாலே போதும்.

எனக்கு இது அனுபவத்தில் தெரிந்தது. படகு வாங்கிய இரண்டாம் வருடம், 4.3 லிட்டர் வி6 எஞ்சினில் தண்ணீர் வடிக்கும் துளைகளை அடைத்திருக்கும் எல்லா டிரெயின் பிளக்கையும் கழற்றினேன். ஒரு பக்கம் தண்ணீர் பீறிட்டது. மறுபக்கம் நாலு சொட்டு. ‘இந்தப் பக்கம் முன்பே வடிந்திருக்கும்’ என்று நானாகவே முடிவு கட்டி, பிளக்கை மாட்டிவிட்டேன். ஏப்ரலில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவினால் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் பால் விட்ட டீ. அந்த நாலு சொட்டுப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு விரிசல். புது பிளாக் (எஞ்சினின் வார்ப்பு உடல்) போட வேண்டியதாயிற்று. அதனால்தான் கீழே வரும் எல்லா அறிகுறிகளிலும், திறந்தும் தண்ணீர் வராததைப் பற்றி அதிகமாக எழுதியிருக்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் உங்கள் எஞ்சின் எந்த வகை என்று தெரிய வேண்டும். படகின் பின்பலகையில் வெளியே தொங்கும் அவுட்போர்டு என்றால் வேலை பாதி. நேராக நிறுத்தினால் அதன் குளிர்நீர் தானாகவே கீழே வடிந்துவிடும். படகுக்குள்ளே எஞ்சினும் வெளியே புரொப்பெல்லரைச் சுற்றும் டிரைவும் இருக்கும் ஸ்டெர்ன் டிரைவ், அல்லது முழு இன்போர்டு என்றால் தண்ணீரை நீங்கள்தான் வெளியேற்ற வேண்டும். அதிலும் ஏரித் தண்ணீரே நேராக பிளாக்குக்குள் ஓடும் வகை உண்டு. கார் மாதிரி மூடிய கூலன்ட் ஓடும் வகையும் உண்டு. மூடிய வகை வைத்திருப்பவர்கள் ‘எனக்குக் கவலையில்லை’ என்று விட்டுவிடக் கூடாது. கூலன்டைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மறுபக்கம் ஏரித் தண்ணீர்தான் ஓடுகிறது, அதை வடித்தே ஆக வேண்டும்.

அக்டோபரில் தெரியும் அறிகுறிகள்

“இன்றிரவே உறைபனி என்கிறார்கள், நான் இன்னும் ஒன்றுமே செய்யவில்லை”

படகு இன்னும் ஏரியில் மிதக்கிறதா, டிரெய்லரில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். மிதக்கிறது என்றால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. அக்டோபரில் ஏரித் தண்ணீர் காற்றைவிடச் சூடாக இருக்கும், அந்தச் சூடு படகின் அடிப்பகுதியைக் காக்கும். டிரெய்லரில் நிற்கும் படகுக்கு அந்தக் காவல் கிடையாது. அடியிலும் குளிர்காற்றுதான்.

டிரெய்லரில் நின்றால் இன்று மாலையே எல்லா டிரெயின் பிளக்கையும் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் காக்கும் திரவம்), ஃபாகிங் ஆயில் (சிலிண்டருக்குள் துரு பிடிக்காமல் அடிக்கும் ஆயில்), எஞ்சின் ஆயில் மாற்றுவது எல்லாம் அடுத்த வாரம் செய்துகொள்ளலாம். காலியான பிளாக்கில் உறைய ஒன்றுமில்லை.

எஞ்சின் அறையில் மின் ஹீட்டரோ பல்போ வைத்துச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பெட்ரோல் ஆவி தங்கும் இடத்தில் தீப்பொறி விடக்கூடிய சாதாரண ஹீட்டரை வைக்கவே கூடாது. போதாததற்கு, நடுராத்திரியில் கரண்ட் போனால் அந்த ஏற்பாடும் போச்சு.

“டிரெயின் பிளக்கைத் திறந்தேன், தண்ணீர் வரவில்லை”

இதுதான் முக்கியமான அறிகுறி. தண்ணீர் வரவில்லை என்றால் தண்ணீர் இல்லை என்று அர்த்தமில்லை. துளை அடைத்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடருங்கள்.

ஏரித் தண்ணீர் ஓடும் பிளாக்கில் துருச் செதில், மணல், சிப்பித் துண்டு எல்லாம் போய் அடியில் படியும். டிரெயின் துளை இருப்பதும் அடியில்தான். பிளக் வெளியே வந்த பிறகும் துளையின் வாயில் அந்தச் சேறு கட்டியாக நிற்கும். ஒரு கனமான கம்பியையோ பழைய ஸ்க்ரூடிரைவரையோ துளைக்குள் விட்டு நன்றாகக் கிளறுங்கள். திடீரென்று பழுப்பு நிறத்தில் தண்ணீர் கொட்டும். கொட்டிய பிறகும் விடாதீர்கள். வேகம் குறையும்போது மறுபடி கிளறுங்கள், மறுபடி கொஞ்சம் வரும். இப்படி மூன்று நான்கு தடவை செய்ய வேண்டியிருக்கும்.

எத்தனை துளை என்று எண்ணிக்கை தெரிந்திருக்க வேண்டும். வி6, வி8 எஞ்சினில் பொதுவாக பிளாக்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, புகை வெளியேறும் இரண்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் ஒவ்வொன்று. அப்புறம், முன்னால் சுழற்சிப் பம்பிலிருந்து வரும் பெரிய ஹோஸின் தாழ்ந்த முனை. பவர் ஸ்டீயரிங் கூலர் இருந்தால் அதுவும் சேரும். 3.0 லிட்டர் நாலு சிலிண்டர் எஞ்சினில் துளைகள் குறைவு. மெர்க்குரூசர் பிராண்டில் பல மாடல்களில் இந்தப் பிளக்குகள் நீல நிறத்தில் இருக்கும், தேடுவது சுலபம். உங்கள் எஞ்சினின் கையேட்டில் படம் இருக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, திறந்த ஒவ்வொரு துளைக்கும் எதிரே பேனாவால் குறித்துக்கொண்டே போங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. மெர்க்குரூசர் ஆல்ஃபா டிரைவில் தண்ணீர்ப் பம்பு வெளியே டிரைவுக்குள்ளேயே இருக்கிறது, டிரைவைக் கீழே இறக்கி வைத்தால் வடிந்துவிடும். பிராவோ டிரைவில் பம்பு எஞ்சினோடு சேர்ந்து படகுக்குள் இருக்கிறது. அந்தப் பம்பின் வயிற்றிலும் அதன் ஹோஸ்களிலும் தண்ணீர் நிற்கும். தனியாக வடிக்காவிட்டால் பம்பின் உடலே பிளக்கும்.

படகு நிற்கும் கோணமும் முக்கியம். மூக்கு கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும் என்பது படகின் அடித்தளத்துத் தண்ணீர் பின்னால் வடிவதற்காக. எஞ்சினை வடிக்கும்போது அது மட்டமாக இருப்பது நல்லது. மிகவும் சாய்ந்திருந்தால் மேனிஃபோல்டின் ஒரு கோடியில் குட்டை கட்டும். ஒரு தடவை வடித்த பிறகு டிரெய்லரின் முன்கால் ஜாக்கியை இரண்டு சுற்று ஏற்றி இறக்கிப் பாருங்கள். இன்னும் அரை டம்ளர் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாக அடித்துச் செருகிய தகடுகளுக்கு ‘ஃப்ரீஸ் பிளக்’ என்று பெயர் வந்துவிட்டது. உறைந்தால் அவை வெளியே தள்ளப்பட்டு பிளாக்கைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் கூடவே பரவிவிட்டது. உண்மையில் வார்ப்பின்போது உள்ளே இருந்த மணலை எடுக்க விட்ட ஓட்டைகளை மூடும் தகடுகள் அவை. சில சமயம் அவை பிதுங்கி வரும், சில சமயம் அவை அப்படியே இருக்க பக்கத்துச் சுவர் வெடிக்கும். அவற்றை நம்பிப் படகை விட்டுப் போகாதீர்கள்.

“வாளியில் வைத்த பிங்க் திரவத்தை உறிஞ்சவில்லை” அல்லது “உறிஞ்சியது, ஆனால் வெளியே வருவது சாயம் போன தண்ணீர்”

எஞ்சினை ஓடவிட்டு, வாளியிலிருந்து ஆன்டிஃப்ரீஸை உறிஞ்சவைப்பது பலர் செய்யும் வழி. கடைகளில் பிங்க் நிறத்தில் விற்கும் ஆன்டிஃப்ரீஸ் புரோப்பிலீன் கிளைக்கால். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நாய்க்கும் பூனைக்கும் விஷம். வசந்தத்தில் இந்தத் திரவம் வெளியே போகப்போகும் இடத்தில் அதை ஊற்றவே கூடாது.

உறிஞ்சவே இல்லை என்றால் பெரும்பாலும் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கும், அல்லது டிரைவின் இரு பக்கமும் மாட்டும் ரப்பர் கிண்ணம் சரியாக உட்காராமல் காற்று புகும். வாளியை எஞ்சினைவிட உயரமாக வைத்துப் பாருங்கள். அப்படியும் ஏறாவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாமல் சில நொடி ஓடினாலே இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் கருகத் தொடங்கும்.

சாயம் போன நிறத்தில் வருவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சூட்டுக்குத் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். வாளியிலிருந்து ஏறும் பிங்க் திரவம் பிளாக்குக்குள் போகாமல் மேனிஃபோல்டு வழியாக நேரே பின்னால் வந்துவிடும். பின்னால் பிங்க் நிறத்தைப் பார்த்த திருப்தியில் நீங்கள் வீட்டுக்குப் போவீர்கள். பிளாக்குக்குள் ஏரித் தண்ணீர் அப்படியே நிற்கும். தெர்மோஸ்டாட் திறந்திருந்தாலும், உள்ளே நிற்கும் தண்ணீரோடு கலந்து திரவம் நீர்த்துப்போகும்.

டப்பாவில் ‘மைனஸ் 50’ என்று எழுதியிருப்பது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 46 டிகிரி செல்சியஸ். அதுவும் குழாய் வெடிக்காது என்பதற்கான அளவுதான். மைனஸ் 10-ஐத் தாண்டியதுமே அது கூழாகத் தொடங்கிவிடும். தண்ணீர் கலந்துவிட்டால் டப்பாவில் போட்ட எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

சரியான வரிசை இது: முதலில் எல்லாத் துளையிலும் தண்ணீரை வடிப்பது, பிளக்கை மாட்டுவது, அப்புறம் தெர்மோஸ்டாட் பெட்டிக்குப் போகும் ஹோஸ்களைக் கழற்றி அவற்றின் வழியாக பிளாக்குக்கும் மேனிஃபோல்டுக்கும் பிங்க் திரவத்தை நேராக ஊற்றுவது. ஊற்றி முடித்து ஒரு டிரெயின் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். டப்பாவில் இருந்த அதே அடர்த்தியான நிறம் வர வேண்டும். திரவத்தின் பலத்தைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிடலாம். சிலர் வடித்ததோடு விட்டுவிடுவார்கள், ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுவதில்லை. நன்றாக வடித்திருந்தால் அதுவும் ஏற்கத்தக்கதுதான். ஊற்றுவதை நான் விரும்புவதற்குக் காரணம், உள்ளே துரு குறையும், நான் எட்டாத மூலையில் ஏதாவது சொட்டு நின்றால் அதோடு அடர்த்தியான திரவம் கலந்துவிடும்.

மூடிய கூலன்ட் எஞ்சினில் அந்தக் கூலன்டின் பலத்தையும் இதே கருவியால் பாருங்கள். எத்திலீன் கிளைக்கால் பாதி, தண்ணீர் பாதி என்ற கலவை ஏறக்குறைய மைனஸ் 37 வரை தாங்கும். வருடா வருடம் வெறும் தண்ணீரை ஊற்றி நிரப்பிக்கொண்டே வந்திருந்தால் தாங்காது.

“கியர் ஆயில் பால் மாதிரி வருகிறது”

அவுட்போர்டுக்கும் ஸ்டெர்ன் டிரைவுக்கும் பொது. கீழ்க் கியர் பெட்டியின் ஆயிலை வசந்தத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், அக்டோபரிலேயே மாற்றுங்கள். கெட்ட ஆயில் குளிரில் ஒன்றும் செய்யாது. அதில் கலந்திருக்கும் தண்ணீர்தான் அடியில் இறங்கி உறைந்து பெட்டியைப் பிளக்கும்.

கீழ்த் திருகை மெதுவாகத் தளர்த்தி, முதலில் வரும் சொட்டுகளை விரலில் பிடித்துப் பாருங்கள். தெளிந்த தண்ணீராக வந்தால் பிரிந்து அடியில் தங்கியிருந்தது என்று பொருள். பால் நிறம் என்றால் சமீபத்தில் ஓட்டியபோது கலந்தது. இரண்டுமே கசிவுதான்.

கசிவை எளிதான இடத்திலிருந்து தேடுங்கள். திருகுகளின் வாஷரைப் போன தடவை மாற்றினீர்களா? மாற்றவில்லை என்றால் முதல் சந்தேகம் அதன்மேல். அடுத்து புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். தூண்டில் நரம்பு தண்டைச் சுற்றி இறுகி, சீலை அறுத்திருக்கும். சிம்கோ மாதிரி மீன்பிடி ஏரியில் இது ரொம்ப சகஜம். இரண்டும் சரியென்றால் பெட்டிக்குக் காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும், அதற்குக் கடைக்குத்தான் போக வேண்டும். காந்தத் திருகில் மெல்லிய கரும்பசை போல இரும்புத் தூள் ஒட்டியிருப்பது தேய்மானம், பயமில்லை. சில்லு சில்லாக வந்தால் பல்சக்கரம் உடைகிறது.

புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாகப் பம்பால் ஏற்றுங்கள். மேல் துளையில் காற்றுக்குமிழி இல்லாமல் வழியும்வரை விட வேண்டும். வழிந்ததும் முதலில் மேல் திருகு, அப்புறம் பம்பை எடுத்துக் கீழ்த் திருகு. வரிசை மாறினால் ஆயில் கொட்டிவிடும்.

கூடவே ஒன்று. அவுட்போர்டை டில்ட் செய்து தூக்கிய நிலையில் குளிர்காலம் முழுக்க வெளியில் விடாதீர்கள். புரொப்பெல்லரின் குழிக்குள் மழையும் பனியும் சேர்ந்து உறையும். நேராகக் கீழே இறக்கி வையுங்கள். ஸ்டெர்ன் டிரைவையும் அப்படியே. அதன் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை (பெல்லோஸ்) நீட்டிய நிலையில் விறைத்துப்போகாமல் இருக்க அதுவே நல்லது.

“ஃபாகிங் ஆயிலை எங்கே அடிப்பது என்று தெரியவில்லை”

கார்புரேட்டர் எஞ்சின் என்றால், கடைசியாக ஓடும்போது காற்று உள்ளே போகும் வாயில் அடிக்க வேண்டும், நீலப் புகை கக்கித் திணறி அணையும்வரை. இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் அப்படி அடித்தால் சென்சார்கள் அழுக்காகலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு விநாடி அடித்து, பற்றவைப்பைத் துண்டித்த நிலையில் எஞ்சினை ஓரிரு சுற்று மட்டும் சுற்றுங்கள். எந்த முறை என்பதை உங்கள் கையேடு சொல்லும், அதைத்தான் கேட்க வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் இந்த வேலையை விடவே கூடாது.

அதற்கு முன்பே, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரை அதில் கலந்து, எஞ்சினை 10, 15 நிமிடம் ஓடவிட்டிருக்க வேண்டும். டாங்கில் மட்டும் கலந்து என்ன பயன்? கார்புரேட்டருக்கும் இன்ஜெக்டருக்கும் அது போய்ச் சேர வேண்டும். எஞ்சின் ஆயிலையும் அந்தச் சூட்டிலேயே மாற்றிவிடுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் தெரியும் அறிகுறிகள்

“டிப்ஸ்டிக்கில் பால் விட்ட டீ நிறம்”

சாவியைத் தொடாதீர்கள். முதல் தடவை ஸ்டார்ட் செய்யும் முன்பே டிப்ஸ்டிக்கைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சினைச் சுற்றினால் அந்தக் கலவை பேரிங்குகளுக்குப் போகும். டார்ச் அடித்து பிளாக்கின் இரு பக்கமும் பாருங்கள். துருக் கோடு மாதிரி ஒரு நீளக் கீறல், பெயின்ட் உப்பிய இடம், பிதுங்கிய ‘ஃப்ரீஸ் பிளக்’ தகடு ஏதாவது தெரிகிறதா? மேனிஃபோல்டின் அடியிலும் பாருங்கள். வெளியே ஒன்றும் தெரியவில்லை என்றாலும் உள்சுவர் விரிசல் விட்டிருக்கலாம், வி எஞ்சினில் மேலே இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் விரிசல் விடுவதும் உண்டு. பிளாக்குக்குள் காற்றழுத்தம் கொடுத்து, அது இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனை உண்மையைச் சொல்லிவிடும்.

மேனிஃபோல்டில் மட்டும்தான் விரிசல் என்றால் தப்பித்தீர்கள், அதைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். வெளிச்சுவரில் விரிசல் என்றால் சிலர் எபாக்சி பூசி ஓட்டுவார்கள். நான் அதைச் செய்ய மாட்டேன். கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது விட்டுப்போகும் நாள் ஒன்று வரும்.

“சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்”

இரண்டு காரணம், இரண்டுக்கும் வேறு வேறு பாதை. முதலில் பேட்டரி. சும்மா இருக்கும்போது மீட்டரில் 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டினால் முழுசாக இருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி.

பேட்டரியைப் படகிலேயே விட்டிருந்தால் படகடித் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பின் சுவிட்ச், ரேடியோ கடிகாரம் என்று சின்னச் சின்ன இழுவை ஆறு மாதத்தில் அதை வடித்திருக்கும். முழு சார்ஜ் உள்ள ஈய அமில பேட்டரி கனடாக் குளிரில் உறையாது. வடிந்துபோனது மைனஸ் 10 அளவிலேயே உறைந்து உப்பிவிடும். பக்கவாட்டில் உப்பியிருந்தாலோ உள்ளே பனி தெரிந்தாலோ சார்ஜர் மாட்டாதீர்கள், வெடிக்கலாம். அப்படியே மறுசுழற்சிக்குக் கொடுங்கள். அக்டோபரிலேயே கழற்றி, கராஜில் மெயின்டெய்னர் சார்ஜரில் வைத்திருந்தால் இந்தப் பத்தி உங்களுக்குத் தேவைப்படாது.

பேட்டரி நல்லதாக இருந்தும் ‘டக்’ என்று நின்றால், சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கலாம். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் முட்டி நிற்கும். மறுபடி மறுபடி சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளையும். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள், பற்றவைப்பைத் துண்டியுங்கள், துணியால் துளைகளை மூடி மெதுவாகச் சுற்றுங்கள். எந்தத் துளையிலிருந்து தண்ணீர் பீச்சுகிறது என்று பாருங்கள். ஒரே பக்கத்துச் சிலிண்டர் என்றால் அந்தப் பக்கத்து மேனிஃபோல்டும் அதன் மேல் இருக்கும் புகைக்குழாயான ரைசரும்தான் சந்தேகம். தண்ணீர் போனதும் சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றிவையுங்கள், துரு பிடிக்க சில நாளே போதும்.

“சுற்றுகிறது, பற்றவில்லை” அல்லது “பற்றுகிறது, வேகம் கொடுத்தால் அணைகிறது”

முதலில் எஞ்சினை அவசரமாக அணைக்கும் கில் ஸ்விட்ச் கயிற்றைப் பாருங்கள். ஆறு மாதத்தில் அதை மாட்டியிருக்க வேண்டும் என்பதே மறந்துபோயிருக்கும். அது சரியென்றால் அடுத்து பெட்ரோல்.

இங்கே சாதாரண பெட்ரோலில் சுமார் 10 சதவீதம் எத்தனால் இருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்கின் அடியில் இறங்கிவிடும். எஞ்சின் உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது. தண்ணீர் பிரிக்கும் ஃபியூவல் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் அந்தப் பெட்ரோலை முழுக்க எடுத்துவிட வேண்டும். ஸ்டெபிலைசரை இப்போது ஊற்றினால் அது சரியாகாது. எடுத்ததைச் சாக்கடையில் ஊற்றாமல் நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள்.

ஒரே அடுக்காக, ஆனால் வார்னிஷ் வாடையோடு இருந்தால் கார்புரேட்டரின் சின்ன ஜெட்டுகள் பிசின் பிடித்து அடைத்திருக்கும். சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் சாகிறது என்பது இதன் அடையாளம். கழற்றிச் சுத்தம் செய்வதைத் தவிரக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து நிலைத்ததில்லை.

அவுட்போர்டின் பெட்ரோல் குழாயில் கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை சப்பிப்போய்த் திரும்ப உப்பாமல் இருந்தால் டாங்கின் காற்றுத் திருகு மூடியிருக்கிறது, அல்லது டாங்கின் வாயில் இருக்கும் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

படகுக்குள் எஞ்சின் இருப்பவர்கள், ஒவ்வொரு முயற்சிக்கும் முன் எஞ்சின் அறை ஆவியை வெளியேற்றும் பில்ஜ் புளோயரைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிடுங்கள். பற்றாமல் பற்றாமல் முயலும்போதுதான் பெட்ரோல் ஆவி அதிகம் சேரும்.

“பின்னால் வெள்ளைப் புகை”

முதல் சில நிமிடம் இயல்பு. ஃபாகிங் ஆயில் எரியும், மிச்சமிருந்த பிங்க் திரவம் ஆவியாகும். நீலம் கலந்து வந்து குறைந்துகொண்டே போனால் பயமில்லை. எஞ்சின் சூடான பிறகும் அடர்த்தியான வெள்ளைப் புகை குறையாமல் வந்தால் நிறுத்தி, மேலே சொன்ன டிப்ஸ்டிக் பரிசோதனைக்குத் திரும்புங்கள்.

“எஞ்சின் ஓடுகிறது, ஆனால் பக்கத்தில் குளிர்நீர் பீச்சவில்லை”

அவுட்போர்டுக்காரர்கள் கேட்பது. உடனே நிறுத்திவிட்டு, அந்தச் சின்னத் துளைக்குள் புல்வெட்டியின் பிளாஸ்டிக் நரம்பை விட்டுக் குடையுங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும், பல நேரம் விஷயம் அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் இம்பெல்லரை எடுத்துப் பாருங்கள். ஆறு மாதம் ஒரே நிலையில் மடங்கி நின்ற இதழ்கள் நிமிராமல் இருக்கும். இதழ் ஒன்று உடைந்து காணாமல் போயிருந்தால், அந்தத் துண்டைத் தேடிக் கண்டுபிடிக்காமல் மூடாதீர்கள். அது மேலே தெர்மோஸ்டாட் பக்கம் போய் வழியை அடைக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இம்பெல்லரை மாற்றிவிடுவது நல்லது.

ஸ்டெர்ன் டிரைவில் இதே கோளாறு வெப்பமானி முள்ளில் தெரியும். அங்கே இன்னொன்றையும் பாருங்கள்: காற்று வடிகட்டிக்குள்ளும் எஞ்சின் மேல்மூடிக்குள்ளும் எலி கூடு கட்டியிருக்கிறதா, ஒயர்களைக் கடித்திருக்கிறதா என்று. ஓட்டிப் பார்த்த பிறகு கண்டுபிடிப்பதைவிட முன்பே கண்டுபிடிப்பது நல்லது.

“எஞ்சினுக்குக் குளிர்நீர் கொடுக்கும் தோட்ட ஹோஸைத் திறந்ததும் படகுக்குள் தண்ணீர் கொட்டுகிறது”

நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் விரிசல் என்று முடிவு கட்டும் முன், எங்கிருந்து கொட்டுகிறது என்று பாருங்கள். வடித்ததோடு விட்டுவிட்ட எஞ்சினில், கழற்றிய பிளக்கைத் திருப்பி மாட்டாமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணம். துளையிலிருந்து நேராகக் கயிறு மாதிரி வந்தால் பிளக் இல்லை. ஹோஸ் முனையிலிருந்து வந்தால் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. வெறும் இரும்புச் சுவரிலிருந்து கசிந்தால்தான் விரிசல்.

படகின் பின்பலகைப் பிளக்கும் இதில் சேர்ந்தது. 2022 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் படகைச் சாலையில் இழுத்துப் போகும்போது டிரெயின் பிளக்குகளைத் திறந்து, ஒட்டியிருக்கும் செடியையும் சிப்பியையும் சுத்தம் செய்திருக்க வேண்டும் என்பது விதி. வரிக்குதிரைச் சிப்பி போன்ற அந்நிய உயிரினங்கள் ஓர் ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குப் போவதைத் தடுக்க வந்த விதி அது. ஆகவே அக்டோபரில் திறந்தது மே மாதம் வரை திறந்தே இருக்கும்.

குளிர்காலம் முழுக்கக் கழற்றியே வைக்கும் பிளக்கை எல்லாம் நான் ஒரு ஜிப் பையில் போட்டு, எத்தனை என்று பைமேல் எழுதி, சாவியோடு கட்டி ஸ்டீயரிங்கில் தொங்கவிடுகிறேன். துளை குடையும் கம்பியும் அதே பையில் இருக்கிறது. பையை அவிழ்க்காமல் சாவியை எடுக்க முடியாது. பையில் பிளக் ஒன்றும் மிஞ்சாத பிறகுதான் படகு சரிவில் இறங்கும்.